குறை சொல்லத் தெரியாத வெனான்சி

புட் என்றால் வை. அப் என்றால் மேலே. வித் என்றால் கூட. மூன்றும் சேர்ந்தவுடன் எப்படிச் ‘சகித்துக்கொள்’ ஆகிறது என்பது வெனான்சி டீச்சருக்குப் பிடிபடவே இல்லை. வைத்தது யார், மேலே இருந்தது எங்கே போனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஹூயே நகருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருபது வருஷமாகப் பிரெஞ்சில் பாடம் நடத்தியவள் அவள். இனிமேல் எல்லாம் ஆங்கிலம்தான் என்று அரசாங்கம் ஒரே போடாகப் போட்டுவிட்டது. நேர்காணலில் தேறினால் வகுப்பு, இல்லாவிட்டால் வீடு. அரசாங்கத்துக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். நாக்கு சுளுக்கிக்கொள்வது இவளுக்கல்லவா?

பக்கத்து வகுப்பு ஸ்பெசியோஸ் புளித்த பாலைக் குடித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

“பிரிச்சுப் பிரிச்சுப் பாக்காதடி, மொத்தமா முழுங்கு. ரன் அவுட் ஆஃப்னா தீந்துபோச்சு.”

“யாரு ஓடினா?”

“யாரும் ஓடல. சக்கரை தீந்துபோச்சு.”

“சக்கரை எதுக்குடி ஓடுது?”

சிரித்த சிரிப்பில் ஸ்பெசியோஸுக்குப் பால் புரையேறியது. வெனான்சிக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

நேர்காணல் நடத்த வந்தவர் வன்யோன்யி என்ற கென்யாக்காரர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். விருந்தாளியைத் தனியே விடக் கூடாதென்று ஹெட்மாஸ்டர் ஃபுல்ஜான்ஸும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். தினமும் மத்தியானம் தன் வகுப்பை வெனான்சி தலையில் கட்டிவிட்டு டவுனுக்குக் கிளம்பிவிடும் மகானுபாவர் அவர். இரண்டு வகுப்பையும் மேய்த்து மேய்த்து அவள் தொண்டை வற்றிக் கிடந்தது. ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

“இந்தப் பள்ளிக்கூடத்துல எதையெல்லாம் சகிச்சுக்கறீங்க? புட் அப் வித் வச்சு ஆங்கிலத்துல சொல்லுங்க,” என்றார் வன்யோன்யி.

“ஒண்ணுமில்ல சார். எல்லாம் நல்லா இருக்கு.”

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில்கூட ‘என்ன சேதி?’ என்றால் முதலில் ‘நல்ல சேதிதான்’ என்றுதான் வரும். உட்கார்ந்து, ஏதாவது குடித்து, அப்புறம்தான் விஷயம். இதில் வெளியாளிடம், அதுவும் மேலதிகாரி முகத்துக்கு நேரே குறை சொல்வதா?

“காலையிலேர்ந்து வந்த எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஒண்ணு, இது சொர்க்கமா இருக்கணும். இல்ல, உங்க யாருக்கும் புட் அப் வித் தெரியலன்னு அர்த்தம். தெரியலன்னே எழுதிடட்டுமா?”

வெனான்சி யோசித்தாள். இவருக்கு வேண்டியது ஒரு வாக்கியமா, அவள் வயிற்றெரிச்சலா? மழையைச் சொல்லலாமா? விதைக்கிற காலத்தில் மழையைக் குறை சொன்னால் உருப்படுமா? அதற்குள் வன்யோன்யியின் பேனா காகிதத்தைத் தொடப் போனது.

ஐ புட் அப் வித் என்று ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

“ஹெட்மாஸ்டர் தினம் மத்தியானம் டவுனுக்குப் போயிடறாரு. அவர் வகுப்பையும் நான்தான் பாக்கறேன். அதைத்தான் சகிச்சுக்கறேன்.”

“பிரமாதம்!” என்றார் வன்யோன்யி. “நல்ல உதாரணம். தேறிட்டீங்க.”

ஹெட்மாஸ்டரும் கை தட்டினார். பாவம், வேறு என்ன செய்வார்?

அவள் முற்றத்தைத் தாண்டுவதற்குள் ஹெட்மாஸ்டர் பின்னாலேயே வந்துவிட்டார். தாய்மொழியான கின்யார்வாண்டாவில், குழைந்துகொண்டு கேட்டார்:

“டீச்சரம்மா, ரொம்ப சந்தோஷம். அது... சும்மா உதாரணத்துக்குத்தானே சொன்னீங்க?”

ஆமாம் என்றால் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த ஆமாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னது பாடமா, மனசா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. கின்யார்வாண்டாவில் இதற்குப் பதில் எப்படிச் சொல்வதென்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

“நோ, சார்,” என்றாள்.