மடுவில் போட்ட மருந்து

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் கஜபதி பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சின்னம்மாள் வாசலில் வந்து நின்றாள். நந்தியாற்றில் பாறை மடுவில் மீன் பிடித்துத் திருத்தணிச் சந்தையில் விற்பவள். இடுப்பில் இருந்த கூடையை இறக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"பாருங்க சார். எல்லாம் செத்து மெதக்குது. கெண்டை, கெளுத்தி, ஒண்ணு பாக்கி இல்ல. வெரால் கூட வாயத் தொறந்துகினு கெடக்குது."

கூடைக்குள் வெள்ளை வயிறுகள் தெரிந்தன. கஜபதி வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

கோடையில் நந்தியாற்றில் மணல்தான் இருக்கும். பாறை மடுவில் மட்டும் எந்த வருஷமும் தண்ணீர் வற்றியதில்லை. காவடி எடுத்து வருகிறவர்கள் மலையேறுவதற்கு முன் அதில்தான் முழுகுவார்கள். பிள்ளைகள் பாறை மேலிருந்து குதிப்பார்கள். திருவிழாவுக்கு முன் அந்தத் தண்ணீர் குளிக்கத் தகுந்ததா என்று பார்த்துச் சொல்வது கஜபதியின் பொறுப்பு. அந்த வருஷம் கனகம்மாசத்திரம் பக்கம் வாந்திபேதி என்று செய்தி வந்திருந்தது. அதுவரை கிணறுகளில் மட்டும் போட்டுவந்த பிளீச்சிங் பவுடரை முந்தின நாள் சாயங்காலம்தான் முதல் தடவையாக மடுவிலும் ஆட்களை வைத்துக் கரைத்து ஊற்றியிருந்தார்.

மடுவின் ஓரத்தில் ஊர் கூடியிருந்தது. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் சிங்காரம் முதலியாரின் சாயப்பட்டறை. அங்கிருந்து ஒரு சிறு வாய்க்கால் இறங்கி மடுவில் விழுந்தது. விழுகிற இடத்தில் தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி சிவந்திருந்தது.

"வேற இன்னா வேணும்? கண்ணுக்கு நேராத் தெரியுதே" என்றான் ஒருவன்.

சிங்காரம் பட்டறையிலிருந்து இறங்கி வந்தார். முழங்கை வரைக்கும் சிவப்பு. அம்மையார்குப்பத்துத் தறிகளுக்கு நூல் தோய்த்துக் கொடுக்கிறவர். யுத்தம் முடிந்தும் நூல் தட்டுப்பாடு தீரவில்லை. கிடைத்த நூலைத் திருவிழாவுக்குள் தோய்த்துக் கொடுத்தால்தான் தறி ஓடும்.

"சார், எங்க நைனா காலத்துலேர்ந்து இந்தத் தண்ணி இங்கதான் விழுது. இதுக்கு முன்னாடி மீன் செத்துச்சா? நீங்களே கேளுங்க."

கஜபதி கேட்கவில்லை. சிவந்த தண்ணீரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "திருவிழா முடியிற வரைக்கும் பட்டறையை மூடணும், முதலியாரே" என்றார். கிராம முன்சீப்பை வரவழைத்து அன்றைக்கே மூடவும் வைத்தார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானையை இறக்கக்கூட அவகாசம் கொடுக்கவில்லை. பாதி தோய்த்த நூல் கட்டுகள் கொடியில் தொங்கியபடியே நின்றன.

கஜபதி கெட்ட மனிதர் இல்லை. அவருக்குள் ஒரு பயம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன், அவர் வேறு ஊரில் வேலை பார்த்தபோது, அவருடைய தங்கை பத்மா இதே திருவிழாவுக்கு வந்திருந்தாள். மடுவில் குளித்தாள், கையால் அள்ளிக் குடித்தாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் வாந்திபேதி கண்டு செத்துப்போனாள். அவர் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அவர் திருத்தணிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

மருந்து போட்ட தண்ணீரைச் சோதிக்க அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. பீங்கான் கிண்ணத்தில் தண்ணீரை எடுத்து, பெட்டியிலிருக்கும் திரவத்தைச் சில சொட்டு விட்டால் நீலமாகும். லேசான நீலம் வந்தால் போதும், கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கஜபதிக்கு லேசான நீலம் போதவில்லை. கிண்ணம் மயில் கழுத்து நிறத்துக்கு வரும் வரையில் மேலும் மேலும் கரைத்து ஊற்றச் சொன்னார். அப்படி ஊற்றிய இரவுகளில்தான் அவருக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் மருந்து போட்டார். மறுநாள் காலையில் மறுபடியும் மீன் மிதந்தது. இந்தத் தடவை எல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். பெரியவை ஏற்கெனவே போய்விட்டிருந்தன.

சின்னம்மாள் இந்தத் தடவை அவரிடம் வரவில்லை. நேராகச் சந்தைக்குப் போய்ச் சொன்னாள். சிங்காரம் யாருக்கும் தெரியாமல் சாயத் தண்ணீரைத் திறந்துவிடுகிறான் என்று பேச்சு கிளம்பியது. கஜபதி செய்தி கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது பட்டறை வாசலில் ஆட்கள் கடப்பாரையோடு நின்றார்கள். சிங்காரம் கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் மனைவி அம்சா பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டிய ஒடைச்சாத்தான் இவனுக்குப் புத்தி வரும்" என்றான் கடப்பாரை வைத்திருந்தவன்.

"கொஞ்சம் இருங்க. நான் முதல்ல உள்ள பாத்துட்டு வரேன்" என்றார் கஜபதி.

உள்ளே போனார். தொட்டிகளில் பழைய சாயத் தண்ணீர் ஏடு கட்டிக் கிடந்தது. யாரும் கை வைத்த அடையாளமே இல்லை. வெளியே போகிற வாய்க்கால் வெடித்துக் காய்ந்திருந்தது. வாய்க்காலில் இறங்கி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பொடியாக உதிர்ந்தது. இதில் தண்ணீர் ஓடிப் பல நாளாயிற்று.

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். மடுவில் புதிதாக விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அதை விழவைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். முதல் தடவை மீன் செத்ததும் மருந்து போட்ட மறுநாள்தான். அது அன்றைக்கே கண் முன்னால் இருந்தது. சிவப்பு கண்ணை மறைத்துவிட்டது.

வெளியே வந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். "சாயத் தண்ணி தொறக்கல. வாய்க்கால் காஞ்சி கெடக்குது, வேணும்னா போய்ப் பாருங்க. யாரும் எதுலயும் கை வைக்காதீங்க. நாளைக்கு நானே சொல்றேன்" என்றார். அதற்கு மேல் சொல்ல அப்போது அவருக்குத் தைரியம் வரவில்லை. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

போகிற வழியில் சின்னம்மாளை நிறுத்தி, மேலே பாலத்துப் பக்கம் இருக்கும் குட்டையிலிருந்து உயிரோடு கொஞ்சம் கெண்டை பிடித்துத் தரச் சொன்னார்.

"உசுரோடவா? இன்னாத்துக்கு?"

"தண்ணிய சோதிக்கணும்."

"கிண்ணம் வச்சிகினு இருந்தீங்களே, அது இன்னா ஆச்சு?"

"அது மனுசனுக்கு. இது மீனுக்கு" என்றார்.

அன்று மத்தியானம் வீட்டு முற்றத்தில் மண்சட்டிகளை வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் அந்தக் குட்டைத் தண்ணீர், மீன். ஒன்றில் எதுவும் கலக்கவில்லை. ஒன்றில் மடுவில் கலக்கிற அளவுக்குக் கொஞ்சம் சாயத் தண்ணீர். ஒன்றில் சாயத் தண்ணீரே பாதி. ஒன்றில் லேசான நீலத்துக்கு வேண்டிய மருந்து. கடைசிச் சட்டியில் அவர் வழக்கமாக ஊற்றுகிற அளவு.

அவர் மனைவி ரஞ்சிதம் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அரிசியைக் களைந்து உலை வைப்பதற்குள் கடைசிச் சட்டி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பிறகு மல்லாந்தன. சாயம் பாதி கலந்த சட்டியிலும் சாயங்காலத்துக்குள் மீன் செத்தது. லேசான மருந்துச் சட்டியில் ஒன்று தப்பியது, மற்றவை தப்பவில்லை. கொஞ்சம் சாயம் கலந்த சட்டியில் மீன்கள் இளஞ்சிவப்புத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன.

"நாமதான் கொன்னுட்டோமா?" என்று ரஞ்சிதம் கேட்டாள்.

"நாம இல்ல. நான்."

"பத்மாவ நெனச்சிகினு ஊத்தினீங்க."

கஜபதி உயிரோடிருந்த மீன்களை ஒரு குடத்தில் எடுத்துக்கொண்டு போய்க் குட்டையில் விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் சிங்காரம் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். சட்டிகளைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். பட்டறையை அன்றைக்கே திறக்கலாம், முன்சீப்பிடம் சொல்லியாயிற்று என்றார். சிங்காரம் கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எம் மேல பழி போட்டது எங்க சார்? மடுவாண்ட. ஊரு பாக்க. இப்ப எங்க வந்து சொல்றீங்க? எங்கூட்டு நடையில."

"அங்கயும் சொல்றேன்."

"சொல்லுங்க."

"இன்னொண்ணும் இருக்குது, முதலியாரே. சாயத் தண்ணி கெட்டியா இருந்தா அதுலயும் மீன் சாவுது. மடுவுல இருக்கிற தண்ணி கொறைஞ்சிகினே போவுது. வாய்க்கால மடுவுல விடாம, பின்னால குழி எடுத்து அதுல விடணும்."

சிங்காரம் அம்சாவைத் திரும்பிப் பார்த்தார். "மன்னிப்புக் கேக்க வந்தவரு நோட்டீசும் கொண்டாந்திருக்காரு, பாத்தியா" என்றார். சிரித்தாரா கோபித்தாரா என்று கஜபதிக்குப் புரியவில்லை.

அங்கிருந்து நேராகச் சந்தைக்குப் போனார். கஜபதி மீன் விற்கிற பக்கம் போய் நின்று, நாலு பேர் கூடியதும் சொல்லிவிட்டார். மீன் செத்தது தன் மருந்தால்தான், சிங்காரம் மேல் தப்பு இல்லை என்றார். கடப்பாரை வைத்திருந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்னம்மாள்தான் பேசினாள்.

"அப்ப மருந்து போடாதீங்க."

"போடாம இருக்க முடியாது. ஆயிரக்கணக்குல ஜனம் வருது. ஒருத்தருக்கு வந்தா ஊரே போயிடும்."

"அப்ப மீன் செத்துகினே இருக்கணுமா?"

ராத்திரி முழுவதும் அதைத்தான் யோசித்திருந்தார். மெதுவாகச் சொன்னார்: "மடுவுல யாரையும் எறக்கலேன்னா மருந்து போட வேண்டியதில்ல. மடுவுக்கு மேல மணல்ல அகலமா ஊத்துத் தோண்டிடலாம். குளிக்கிறவங்க அங்க குளிக்கட்டும். மருந்து அதுல மட்டும், அளவோட. மடுவச் சுத்திக் கயிறு கட்டிடலாம்."

"காவடிக்காரங்க கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. யாராவது நின்னு சொல்லணும்."

"நா நிக்கிறேன்" என்றாள் சின்னம்மாள்.

மேலதிகாரிக்குக் கஜபதி எழுதியபோது, மனித உயிரைவிட மீன் பெரிதா என்று பதில் வந்தது. வாந்திபேதி வந்தால் பொறுப்பு உம்முடையது என்றும் இருந்தது. அதில் தவறு இருப்பதாகக் கஜபதி நினைக்கவில்லை. ஆனாலும் மணலில் ஊற்று தோண்ட ஆள் வைத்தார். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடித்தார். தெளிந்த தண்ணீர் இடுப்பளவுக்கு ஊறியது. கிண்ணத்தில் லேசான நீலம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தக் கிண்ணத்தை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிழா அமைதியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஊற்றுத் தண்ணீர் மருந்து நாறுகிறது என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஒரு கோஷ்டி கயிற்றைத் தாண்டி மடுவில் குதித்தது. சின்னம்மாள் அவர்களைத் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டிக் கரையேற்றினாள். கஜபதி அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓடிப்போய்ப் பார்த்தார். வாரம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. திருத்தணியிலிருந்து வாந்திபேதிச் செய்தி வரவில்லை. அது ஊற்றாலா, மருந்தாலா, அந்த வருஷத்து அதிர்ஷ்டமா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை.

சிங்காரம் உடனே குழி எடுக்கவில்லை. தேங்கிப்போன நூலையெல்லாம் தோய்த்துக் கொடுத்து முடித்த பிறகு, ஐப்பசிக்குச் சற்று முன்னால், பட்டறைக்குப் பின்னால் வெட்டினார். கஜபதியைக் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை. வழியில் பார்த்தால் தலையை அசைப்பார், அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் நந்தியாறு கரை தொட்டு ஓடியது. கொசஸ்தலையாற்றிலிருந்து மீன் எதிர்த்து ஏறி வந்தது. மழை விட்ட ஒரு காலை சின்னம்மாள் கூடையோடு வந்தாள். ரஞ்சிதம் ஒரு விராலைத் தூக்கிப் பார்த்து விலை கேட்டாள். சின்னம்மாள் சொன்ன விலையைக் கேட்டு மீனைத் திரும்பக் கூடையில் போட்டாள்.

"இன்னா சின்னம்மா, சந்தையிலயே இவ்ளோ இல்லியே."

"சந்தையில வாங்கறவங்க ஒண்ணும் மீனக் கொல்லலியே, அம்மா" என்றாள் சின்னம்மாள் சாதாரணமாக.

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த கஜபதி சிரித்தார். "சொன்ன விலையக் குடுத்துடு" என்று ரஞ்சிதத்துக்குக் குரல் கொடுத்துவிட்டு, ஆற்றைப் பார்க்கக் கிளம்பினார்.