ஹாட்பேக்கில் போன கேமரா

ஐப்பசியில் முகூர்த்தம் வைப்பவர்களை சத்யப்பிரியாவுக்குப் பிடிக்காது. ஆனால் அந்த மாதத்தில்தான் அவளுக்கு வேலை ஜாஸ்தி. கடலூர் செம்மண்டலத்தில் வீட்டு முன்னறையையே ஸ்டுடியோவாக வைத்துக்கொண்டு கல்யாணப் படம் எடுப்பவள் அவள். மழைக்காலம் வந்துவிட்டால் அவளுடைய கேமரா பையில் லென்ஸை விடத் துண்டும் பிளாஸ்டிக் உறையும்தான் அதிகம் இருக்கும். லாட்ஜுகளில் கொடுக்கும் குளியல் தொப்பிகளைக் கூடச் சேர்த்து வைத்திருந்தாள். கேமராவின் தலையில் மாட்டிவிட அதைப் போல வசதி வேறெதுவும் இல்லை என்பது அவள் கண்டுபிடிப்பு.

"எனக்கு ஒரு நல்ல குடை இல்ல. உன் கேமராவுக்கு மட்டும் இத்தன தொப்பி" என்பார் ரஃபீக். முதுநகர்க்காரர். அவளோடு வீடியோ எடுக்கப் போகிறவர்.

அன்றைக்குச் சிதம்பரத்தில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் நெல்லிக்குப்பத்துக்காரன், பெண் காயத்ரி உள்ளூர். முந்தின நாள் ரிசப்ஷனிலேயே தொடங்கிய மழை காலையிலும் விடவில்லை. மழையைப் போலவே விடாமல் சத்யப்பிரியாவைச் சுற்றி வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் மணவாளன். ஐம்பத்தெட்டு வயது, பட்டு வேட்டி, கையில் நீளக் குடை. போட்டோகிராபரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

"பாப்பா, நீ கவலையே படாத. கேமராமேல ஒரு சொட்டு வுழாது. நானாச்சு" என்றார்.

குடையைப் பிடிக்கவும் செய்தார். ஆனால் வாசலில் யாராவது தெரிந்தவர் வந்தால், வரவேற்கக் கை நீளும்போது குடையும் கூடவே போய்விடும். அப்படிப் போகும்போதெல்லாம் சத்யப்பிரியா கேமராவைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்வாள்.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபத்து வாசலில், வாழைமரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து மழை பின்னால் தெரிய ஒரு படம் எடுக்கலாம் என்று நினைத்தாள். தலைக்கு மேல் சாமியானாப் பந்தல் இருந்ததால் கேமராவின் உறையைக் கழற்றினாள். அந்த வருடம் அவள் எடுத்த முடிவுகளிலேயே மோசமானது அதுதான்.

ராத்திரி முழுக்கப் பெய்த மழைத் தண்ணீர் பந்தல் துணியில் ஒரே இடத்தில் தேங்கி, துணி சினை மாட்டு வயிறு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மணவாளன் அண்ணாந்து பார்த்தார்.

"இது எந்நேரமும் புள்ளைங்க தலைல கொட்டும் போலருக்கே" என்றார்.

"மாமா, வேணாம், அத தொடாதீங்க!" என்று செந்தமிழ்செல்வன் கத்தினான்.

"நீ சும்மா இருடா. லேசா தூக்கிவுட்டா அந்தாண்ட போயிடும்."

குடை நுனியால் துணியை ஒரு குத்து குத்தினார். தண்ணீர் அந்தாண்டை போகவில்லை. துணி கிழிந்து நேரே இந்தாண்டை, ஒரு முட்டி போட்டுக் குனிந்து குறி பார்த்துக்கொண்டிருந்த சத்யப்பிரியாவின்மேல் இறங்கியது. பெண், மாப்பிள்ளைமேல் ஒரு துளி இல்லை. மணவாளனின் வேட்டிக்கரைகூட நனையவில்லை. சத்யப்பிரியா தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, கையில் கேமராவோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். லென்ஸிலேயே தண்ணீர் குளம் கட்டி நின்றது.

முதலில் வாய் திறந்தவர் மணவாளன்தான். "ஒண்ணும் ஆயிருக்காது. ஆன் பண்ணிப் பாரு பாப்பா" என்று குனிந்து பொத்தானைத் தேடினார்.

"தொடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு கணம் நிறுத்திவிட்டார். ஈரமாக இருக்கும்போது கேமராவுக்கு உயிர் கொடுத்தால் உள்ளே இருக்கும் போர்டு கருகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சுவிட்சை அணைத்தாள். ரஃபீக் ஓடிவந்து காய்ந்த துண்டு ஒன்றை விரித்துப் பிடித்தார். பேட்டரியை உருவினாள். மெமரி கார்டை எடுத்துத் துடைத்து ரஃபீக்கின் சட்டைப் பையில் போட்டாள். முந்தின நாள் ரிசப்ஷன் முழுவதும் அதில்தான் இருந்தது.

"கார்டு தப்பிச்சுது. அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ரஃபீக். "மத்தத அப்பறம் பாத்துக்கலாம். நீ போயி துணிய மாத்திக்க."

அவள் துணி மாற்றிக்கொண்டு மணமகள் அறையிலிருந்து வெளியே வருவதற்குள் கேமராவைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். அரிசி மூட்டையில் புதைக்கலாம் என்றார் ஒருவர். சாம்பிராணிப் புகை காட்டினால் ஈரம் எடுத்துவிடும் என்றாள் ஒரு பெண். அழகுநிலையத்திலிருந்து வந்த பெண் தலை உலர்த்தும் மெஷினை ஏற்கெனவே பிளக்கில் சொருகியிருந்தாள். மணவாளன் சமையல் கட்டுக்கே போய்விட்டு வந்து, இட்லி அடுப்புக்குப் பக்கத்தில் நல்ல இடம் இருப்பதாகச் சொன்னார்.

"சூடே காட்டக்கூடாது மாமா. அரிசியில போட்டா தவிடு உள்ள பூந்துக்கும்" என்றாள் சத்யப்பிரியா. "சிலிகா ஜெல் வேணும். நெறைய வேணும்."

"அது எந்தக் கடைல கெடைக்கும்? தோ, போயி வாங்கியாரன்."

"கடைக்கு வேணாம். புது செருப்பு, புது பேக் வாங்குனா உள்ள சின்னதா ஒரு பொட்டலம் இருக்குமே. சாப்பிடாதீங்கன்னு போட்டிருக்கும்."

மணவாளனின் முகம் மலர்ந்தது. நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"கல்யாணத்துக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நம்ம போட்டோ பாப்பாவோட கேமரா உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கு. ஒங்க கைப்பையில சாப்பிடக்கூடாத பொட்டலம் ஏதாவது இருந்தா ஒடனே மேடைக்கு எடுத்தாங்க."

மண்டபம் கலகலத்தது. பெண்கள் கைப்பைகளை மடியில் கவிழ்த்தார்கள். மருந்து டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். புதுச் செருப்பு போட்டு வந்த ஒருவர் காரில் கிடந்த பெட்டியைத் தேடிப் போனார். ஒரு பெரியவர் பான்பராக் பொட்டலத்தை நீட்டி, இதையும் சாப்பிடக்கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடி தேறியது. போதாது.

அதற்குள் முகூர்த்தம் நெருங்கிவிட்டது. சத்யப்பிரியா பையில் வைத்திருந்த பழைய கேமராவை எடுத்துக்கொண்டு மேடையேறினாள். மணவாளன் மட்டும் ஏறவில்லை. அன்பளிப்புகளை அடுக்கி வைத்திருந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். இவ்வளவு புதுப் பெட்டிகள் ஒரே அறையில் இருக்க, வெளியில் எதற்குக் கையேந்த வேண்டும்?

தாய்மாமனைக் கூப்பிடுங்கள் என்று ஐயர் சொன்னபோதுதான் ஆளைக் காணவில்லை என்று தெரிந்தது. தேடிப் போனவர் மணவாளனின் அக்கா கொளஞ்சியம்மாள். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். ஜிகினாத் தாள்களுக்கு நடுவில் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சுவர்க் கடிகாரங்கள், இரவு விளக்குகள், மறுபடியும் சுவர்க் கடிகாரங்கள்.

"டேய் மணவாளா! புள்ள தாலி கட்டப் போறான். இங்க என்னாடா திருட்டுத்தனம் பண்ற?"

"கேமராவுக்கு மருந்து தேடறன்க்கா. தோ, இதான் கடைசி" என்று சொல்லிக்கொண்டே தன்னுடைய அன்பளிப்பையே பிரித்துக்கொண்டிருந்தார். பெரிய எவர்சில்வர் ஹாட்பேக். மூடியைத் திறந்தார். உள்ளே பொட்டலம் ஒன்றல்ல, மூன்று. வெற்றியோடு தூக்கிக் காட்டினார்.

கொளஞ்சியம்மாளின் கண் பொட்டலத்தில் இல்லை. மூடியில் இருந்தது. மூடியின் உள்பக்கத்தில் பெயர் வெட்டியிருந்தது. 'க. கொளஞ்சியம்மாள் அன்பளிப்பு.'

"இது நான் ஒன் வூட்டு கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்ததாச்சே!"

மணவாளன் மூடியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "பேரு வெட்டியிருந்தத நான் கவனிக்கலக்கா" என்றார். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

சண்டை ஹாட்பேக்கோடு மேடைக்கே வந்தது. "ஆசையா பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தன். ஒரு நாள் சோறு வெச்சித் தின்னியாடா?" என்று கொளஞ்சியம்மாள் கேட்க, "வூட்ல ஏற்கெனவே நாலு இருந்துதுக்கா" என்று மணவாளன் கெஞ்ச, கெட்டிமேளம் என்று ஐயர் அலறினார். மேளச் சத்தத்தில் வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. செந்தமிழ்செல்வன் தாலியின் முடிச்சை விட்டுவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். காயத்ரி அவன் காலை மிதித்து நினைவுபடுத்தினாள். சத்யப்பிரியா இத்தனையையும் எடுத்தாள்.

தாலி ஏறியதும் ரஃபீக் மெதுவாக வந்தார். பொட்டலங்களை வாங்கிக்கொள்ள வந்தவர், ஹாட்பேக்கைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"பெரிம்மா, அடியில வேற ஒரு பேரு இருக்குதே."

"என்னா பேரு?"

"பட்டம்மாள்னு வெட்டியிருக்கு."

கொளஞ்சியம்மாள் வாயை மூடிக்கொண்டார். மணவாளன் திறந்தார். "ஓகோ! பாத்துப் பாத்து வாங்குனதா இது?"

பட்டம்மாள் கொளஞ்சியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரர். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்தார், ஹாட்பேக்கை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், தனக்கும் அது யாரோ கொடுத்ததுதான் என்பது நினைவுக்கு வந்ததுபோலச் சட்டென்று முகம் மாறியது.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க இந்தப் பேச்சு? எலை போட்டுட்டாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி வேகமாகப் போய்விட்டார்.

முதலில் சிரித்தவள் காயத்ரி. அதன்பிறகு மேடையில் யாராலும் அடக்க முடியவில்லை. கொளஞ்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தம்பியோடு பேசவும் இல்லை.

சத்யப்பிரியாவுக்கு வேறு ஒன்று தோன்றியது. காற்றுப் புகாமல் மூடக்கூடிய பாத்திரம் வேண்டும் என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். ஹாட்பேக்கின் மூடியைத் திருகிப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. துண்டால் ஒற்றி எடுத்த கேமராவை உள்ளே படுக்க வைத்து, லென்ஸைத் தனியாகக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் பொட்டலங்களை நிரப்பி மூடினாள். அன்று மாலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் வந்தாள். பக்கத்து சீட்டு அம்மா, உள்ளே இருப்பது பிரியாணியா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை செம்மண்டலத்து வீட்டு வாசலில் மணவாளன் நின்றார். கையில் சாத்துக்குடி, ஒரு பாக்கெட் ரொட்டி.

"எப்பிடி இருக்குது?" என்று ரகசியக் குரலில் கேட்டார்.

"தொறக்கக்கூடாது மாமா. இன்னும் ரெண்டு நாள் ஆவட்டும்."

"தொறக்க வேணாம். பாத்துட்டுப் போறன்." ஹாட்பேக்குக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார். திருவதிகை கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்ததாகவும், கேமராவுக்கு நட்சத்திரம் தெரியாததால் சத்யப்பிரியாவின் பெயரையே சொல்லிவிட்டதாகவும் சொல்லி, மூடியின்மேல் விபூதி வைக்கப் பார்த்தார். தூசி உள்ளே போய்விடும் என்று அவள் தடுத்துவிட்டாள். விபூதியைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார்.

திறந்த அன்று ரஃபீக்கும் வந்திருந்தார். சத்யப்பிரியா டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். சென்சாரில் ஈரம் இல்லை. லென்ஸின் ஓரத்தில் மட்டும் லேசாகப் பனி படர்ந்தது போல இருந்தது. அதை சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். வேறு பேட்டரியைப் போட்டாள். வேறு லென்ஸை மாட்டினாள். மணவாளன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திரை வெளிச்சமானது.

"வந்துருச்சு!" என்று ரஃபீக் கத்தினார். சத்யப்பிரியா கேமராவைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத்தான்.

"பாப்பா, என்னிய ஒண்ணு எடேன்" என்றார் பிறகு. "நல்லா எடு. எங்கக்காவுக்கு அனுப்பணும். அன்னியிலிருந்து போனே எடுக்க மாட்டேங்குது."

தலையை வாரிக்கொண்டு, சாத்துக்குடிப் பையைப் பின்னால் மறைத்து, சிரிக்கத் தெரியாமல் சிரித்தார். எடுத்தாள். படத்தை அவர் போனுக்கு மாற்றிக் கொடுத்தாள். அவர் அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் போன் அடித்தது. பதறிப்போய் ஸ்பீக்கரில் எடுத்துவிட்டார்.

"என்னாடா இப்பிடி எளைச்சிப் பூட்ட?" என்றார் கொளஞ்சியம்மாள். "சாப்புடறியா இல்லியா? சாயங்காலம் வூட்டுக்கு வா. கருவாட்டுக் கொழம்பு வைக்கிறன்."

"வர்றன்க்கா" என்றார் மணவாளன். செருப்பை மாட்டும்போது இடதும் வலதும் மாறிப்போயிருந்ததை அவர் கவனிக்கவில்லை.