மெல்ல ஊற்றினால் ஒழுகும்

கைறுன்னிஸா வீட்டு டீ போட்டுக்கு மூக்கு ஒழுகும். பல்லேபொலயில் இது தெரியாத ஆள் இல்லை. கட்டாரில் வேலை செய்த தம்பி, தங்க விளிம்பும் நீலப் பூவுமாகக் கொண்டுவந்து கொடுத்த பீங்கான் தேநீர்ச் சாடி அது. பார்க்க ராணி மாதிரித்தான் இருக்கும், ஊற்ற ஆரம்பித்தால்தான் அதன் குணம் தெரியும். தேத்தண்ணியில் பாதி கோப்பைக்குள் விழும். மீதி மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து, வயிற்றைச் சுற்றி ஓடி, மேசை விரிப்பில் இறங்கும். அந்த மேசையிலிருந்து உடுப்பில் கறை படாமல் எழுந்துபோன விருந்தாளிகள் குறைவு. ஆனாலும் பெரிய மனிதர்கள் வந்தால் அதுதான் வெளியே வர வேண்டும். குசினியிலேயே கலந்து கோப்பையில் கொண்டுவந்து வைப்பது, கைறுன்னிஸாவைப் பொறுத்தவரை, பஸ் ஸ்டாண்ட் கடை வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரப்போகிறவர்களோ சாதாரணப் பெரிய மனிதர்கள் இல்லை. கலேவெலயிலிருந்து ஸைனம்பு, தன் மகன் றுஸ்திக்குப் பெண் பார்க்க வருகிறாள்.

பெண், கைறுன்னிஸாவின் மகள் றிஸ்மியா. மாத்தளையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். றுஸ்தியும் ஆசிரியர்தான். ஒரு பயிற்சி வகுப்பில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. அவளுக்கு அவனைப் பிடிக்கும் என்றால் அது குறைத்துச் சொன்னதாகும். தொலைபேசியில் அவன் பெயரைக் கண்டாலே முகம் தானாக மலர்ந்துவிடும். அதை மறைக்க அவள் படும் பாட்டைப் பார்த்துக் கைறுன்னிஸாவுக்கே சிரிப்பு வரும். ஆனால் றுஸ்தி முதல் நாளே ஒன்றை ஒளிக்காமல் சொல்லியிருந்தான். வாப்பா மௌத்தாகி இல்லாமல் போன பிறகு தன்னை ஆளாக்கியவள் உம்மா, அவள் வாயால் சரி என்று சொல்லாமல் கல்யாணம் இல்லை என்றான். அந்த உம்மாவோ இதற்கு முன் போன எந்த வீட்டிலும் சரி என்று சொன்னதில்லை. ஏன் என்றும் சொன்னதில்லை. தேத்தண்ணி முடிந்ததும் எழுந்து ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். காரணம் தெரியாததால் ஊர் ஆளுக்கொரு காரணத்தைக் கட்டி வைத்திருந்தது.

இந்தக் குடும்பங்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கும் முன்பே கையைப் பார்ப்பார்கள். வந்தவர்களுக்கு முன்னால் பெண்தான் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். தலை குனிந்து, சத்தம் வராமல், நூல் இறங்குவது போல மெல்ல ஊற்ற வேண்டும். அடக்கம் என்பது அந்த நூலில்தான் இருக்கிறதாம். ஒரு கிழமையாகக் கைறுன்னிஸா இதே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தாள்.

றிஸ்மியாவுக்கு அங்கேதான் இடித்தது. அந்த டீ போட் ஒழுகுவதே மெல்ல ஊற்றுவதால்தான் என்பது அவளுக்குத் தெரியும். பரப்பிழுவைப் பாடம் வரும் நாளில் வகுப்பில் அவள் சொல்லும் உதாரணமே அதுதான். தண்ணீரின் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், அதனால்தான் இலை நுனியில் துளி திரண்டு நிற்கிறது. அதே தண்ணீர் பீங்கானைத் தொட்டால் பீங்கானையும் பிடித்துக்கொள்ளும். வேகமாகப் பாய்கிற தண்ணீரைப் பீங்கானால் பிடித்து வைக்க ஏலாது. மெல்ல வருகிற தண்ணீர் மூக்கு நுனியில் தயங்கும், ஒட்டிக்கொண்டே அடிப்பக்கம் திரும்பிவிடும், பிறகு கீழே ஓட்டம்தான். இதையெல்லாம் தாய்க்கும் விளக்கிப் பார்த்தாள். கைறுன்னிஸா பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, “படிச்சதெல்லாம் வகுப்புல காட்டுங்க மகள், இங்க மெல்ல ஊத்துங்க” என்றாள்.

சரி, மெல்லத்தான் ஊற்ற வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி இருந்தது. மதிய ளுஹர் தொழுகை முடிந்ததும் றிஸ்மியா விரல் நுனியில் கொஞ்சம் பட்டர் எடுத்து, டீ போட்டின் மூக்கு நுனிக்கு அடியில் பூசினாள். பட்டரில் தண்ணீர் ஒட்டாது, ஒட்டாவிட்டால் திரும்பாது. வெறும் தண்ணீரை நிரப்பி நூல் மாதிரி ஊற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. குசினியில் தனியாக நின்றவள், கல்யாணமே முடிந்துவிட்டது போல இரண்டு சுற்றுச் சுற்றி ஆடிவிட்டுத் தலை சீவப் போனாள்.

ஒன்று நினைக்க ஒன்று நடந்தது. வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் கைறுன்னிஸா சாமான்களைக் கடைசியாக ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். மூக்கில் விரல் வழுக்கியது. பெண் வீட்டுச் சாமானில் எண்ணெய்ப் பசையா? அதுவும் ஸைனம்பு வருகிற நாளிலா? சுடுதண்ணி, சவர்க்காரம், அதற்கு மேல் எலுமிச்சம் புளி என்று போட்டு, விரல் பட்டால் கீச்சிடும் வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். சுத்தமான பீங்கானில் தண்ணீர் இன்னும் நன்றாக ஒட்டும் என்பது அந்த மனுசிக்கு எப்படித் தெரியும்? நல்ல மனதோடுதான் செய்தாள்.

ஆண்கள் முன் மண்டபத்தில் றிஸ்மியாவின் வாப்பா ஸக்கரியாவோடு உட்கார்ந்தார்கள். றுஸ்தியும் அங்கேதான் இருந்தான். உள்ளே, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், ஸைனம்பு சந்தன நிறப் பட்டுச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய மச்சி, அதாவது நாத்தனார், முனவ்வரா, ஒரு புருவத்தைத் தூக்கியபடியே பிறந்தவள் போல. றிஸ்மியா ஸலாம் சொல்லி, டீ போட்டைக் கையில் எடுத்தாள். விரல் மூக்குக்கு அடியில் பட்டது. பட்டர் இல்லை. அறை வாசலில் நின்ற தாய், நன்றாகக் கழுவி வைத்திருக்கிறேன் என்று கண்ணாலேயே பெருமையாகச் சொன்னாள்.

வேறு வழியில்லாமல் தலையைக் குனிந்து மெல்லச் சரித்தாள். தேத்தண்ணி கோப்பையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கைச் சுற்றித் திரும்பி, நீலப் பூக்களின் மேல் ஓடி, வெள்ளை விரிப்பில் சொட்டி, ஸைனம்புவின் பட்டுச் சேலைப் பக்கமாக ஊரத் தொடங்கியது. கைறுன்னிஸா கண்ணை மூடிக்கொண்டாள். றிஸ்மியாவின் கை நடுங்கியது. நடுங்க நடுங்க இன்னும் மெல்ல ஊற்றினாள், இன்னும் அதிகமாக ஒழுகியது. இன்னும் ஒரு சாண் போனால் பட்டு, பட்டு போனால் றுஸ்தி.

அந்த இடத்தில் அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குனிந்த தலையை நிமிர்த்தினாள், டீ போட்டைத் தோள் உயரத்துக்குத் தூக்கினாள், தயக்கமே இல்லாமல் ஒரே சரிப்பாகச் சரித்தாள். தேத்தண்ணி வளைந்து பாய்ந்து, சளசளவென்று சத்தத்தோடு கோப்பைக்குள் விழுந்து நுரைத்தது. வெளியே ஒரு துளி இல்லை.

முனவ்வராவின் இரண்டாவது புருவமும் மேலே போனது. பிள்ளைக்கு என்ன அவசரமோ என்று இனிப்பாகக் கேட்டாள்.

“அவசரமில்ல மாமி” என்றாள் றிஸ்மியா. குரல் வகுப்பில் வருவது போலத் தெளிவாக வந்தது. “மெல்ல ஊத்தினா தண்ணி மூக்குல ஒட்டிக்கிட்டு ஒழுகும். யார் ஊத்தினாலும் அப்படித்தான். கையில பிழையில்ல.”

ஊர்ந்து வந்த தேத்தண்ணியை ஸைனம்பு பார்க்கவில்லை. டீ போட்டின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். போய்விடப் போகிறாள் என்று கைறுன்னிஸா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஸைனம்புவோ டீ போட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். முதலில் மெல்லச் சரித்தாள், ஒழுகியது. பிறகு, பயந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூக்கி ஊற்றினாள். சளசளவென்று விழுந்தது, ஒரு சொட்டும் வழியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அவள் முகம் விரிந்தது. இன்னொரு முறை ஊற்றினாள். இன்னொரு முறையும் ஊற்றினாள். எல்லாம் முனவ்வராவின் கோப்பைக்குள். கடைசியில் தேத்தண்ணி விளிம்புக்கும் மேலே மேடு கட்டி நின்றது, ஆனாலும் வழியவில்லை. கோப்பையைத் தூக்கினால் கொட்டிவிடும் என்பதால் அத்தனை கம்பீரமான முனவ்வரா மேசைக்குக் குனிந்து, வாயைக் குவித்து, உறிஞ்சித்தான் குடிக்க வேண்டியிருந்தது. கைறுன்னிஸாவே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஸைனம்புவின் கண்கள் நிறைந்திருந்ததை றிஸ்மியாதான் கண்டாள்.

“நான் கல்யாணம் முடிச்சுப் போன வீட்டுலயும் இப்படி ஒண்டு இருந்திச்சு” என்றாள் ஸைனம்பு. “யார் வந்தாலும் என்னைத்தான் ஊத்தச் சொல்லுவாங்க. மெல்ல ஊத்து, மெல்ல ஊத்துண்டு சொல்லுவாங்க. ஒழுகும். கை விளங்காதவள்ண்டு எல்லார் முன்னாலயும் மாமி சொல்லுவாங்க. பிறகு நான் ஊத்துறதையே விட்டுட்டேன். இவ்வளவு காலமும் என்ட கைதான் பிழைண்டு நெனச்சிட்டிருந்தேன் மகள்.”

பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் பெண்கள் நடுங்கி நடுங்கி ஊற்றினார்கள் என்று அவள் தொடர்ந்து சொன்னாள். அந்தக் கைகளைப் பார்க்கும்போது தன் கைதான் தெரிந்ததாம். தன்னைக் கண்டு ஒரு பிள்ளை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எழுந்து வந்தாளாம். ஒருத்தியிலும் குறை கண்டதில்லையாம்.

றிஸ்மியா மேசையைச் சுற்றிப் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஸைனம்பு அவளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“எங்கட வீட்டுல நீங்க நிமிர்ந்து நிண்டு ஊத்துங்க” என்றாள். பிறகு திரைச்சீலைப் பக்கம் திரும்பி, மண்டபம் முழுவதும் கேட்கிற குரலில் சொன்னாள், “றுஸ்தி, உம்மாக்குச் சரி.”

தலை குனிந்து வெட்கப்பட வேண்டிய நேரம் அதுதான் என்று றிஸ்மியாவுக்குத் தெரியாமல் இல்லை. அவளால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, மண்டபத்தில் மாமனாரின் பேச்சை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்த றுஸ்தி கதிரையை விட்டு எழுந்தே விட்டான்.