சாப்பாட்டு மேசையில் முளைத்த காடு

ம்பண்டாகா நகரில் மரவியாபாரி எகோஃபோவின் சாப்பாட்டு மேசை துளிர்விட்ட வாரம், சந்தையில் கெளுத்தி மீன் விலை சற்று ஏறியிருந்தது. எகோஃபோ துளிர்களைக் கத்தரியால் நறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் நாற்காலிகளும் வேர்விட்டுத் தரையைப் பிளந்தன. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார். சிந்திய மரத்தூளெல்லாம் முளைத்தது. ஆற்றங்கரைக் காடு முழுவதையும் பலகையாக்கிக் கப்பலேற்றியவருக்கு, ஒரு மேசையை வெட்ட முடியாமல் போனது பெரிய அவமானமாக இருந்தது.

அந்தக் காடு போனதிலிருந்து நகரில் மழை பொய்த்திருந்தது. இப்போது மதியம் தவறாமல் எகோஃபோ வீட்டுக்குள் மட்டும் பெய்தது. சாம்பல் கிளிகள் வந்தன. துணி அலமாரியில் இருவாச்சிப் பறவை கூடு வைத்தது. அவர் மனைவி போலும்பு அலட்டிக்கொள்ளவில்லை. சோபாமேல் உதிரும், ஊரார் விரும்பித் தின்னும் புழுக்களைப் பொறுக்கி வறுத்துச் சந்தையில் விற்றாள். தெருவே குடத்தோடு வாசலில் நின்றது.

"முதலாளி, படுக்கையறையில நல்லாக் கொட்டுதாமே, ஒரு குடம் புடிச்சுக்கவா?"

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தலைநகரிலிருந்து வன அதிகாரி இலுங்கா வந்தார். கட்டிலடியில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தவளையைக் கண்டு கண்கலங்கினார். அன்றே வீடு பாதுகாக்கப்பட்ட காடாயிற்று. காட்டில் ஆக்கிரமிப்பாளர் இருக்கக் கூடாதென்பதால் எகோஃபோ வெளியேற வேண்டும்.

"இது என் வீடுய்யா!"

"காட்டுல இருக்கிற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

காட்டை வெட்ட ஆற்றங்கரைக் கிராமத்தாரை வெளியேற்றியபோது தானும் இதே பதிலைச் சொன்னது எகோஃபோவுக்கு நினைவு வந்தது.

போலும்பு குறுக்கே வந்தாள். "சார், இவரு பழத்தத் தின்னுட்டுக் கொட்டைய அங்கங்க துப்பிக்கிட்டே திரிவாரு. திட்டிப் பாத்துட்டேன், திருந்தல. துப்புன எடமெல்லாம் முளைக்குது. முன்னாடி இந்த வேலைய யானைதான் பாத்துச்சு. அதையும் இவரு ஆளுங்க வெரட்டிட்டாங்க. இப்ப இவரையும் வெரட்டிட்டா யாரு பாக்குறது?"

இலுங்கா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். யானை இல்லாத இடத்தில் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள விதியில் இடமிருந்தது. எகோஃபோ இருக்கலாம், ஆனால் ரம்பத்தைத் தொடக் கூடாது, பழுத்ததைத் தின்ன மாட்டேன் என்று சொல்லவும் கூடாது.

முதல் நாள் அழுதுகொண்டே தின்றார். பிறகு பழகிவிட்டது, எட்டத் துப்புவதில் அவருக்கு ஒரு பெருமைகூட வந்தது. சில ஆண்டுகளில் கன்றுகள் மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்தன. கூடவே மழையும் வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் கன்றுகளுக்கு இடம்விட்டுத் தங்கள் வாசலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.