பாசி தேய்த்த பாறை

பேச்சிராஜ் மாமாவுக்கு வனத்துறையில் வாட்சர் வேலை கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு பூவின் கையில் இருந்தது. காரையாற்றுக்கு மேலே, ஓடையோரப் பாறையில், பாசிக்குள் ஒற்றை இலையைப் பரப்பிக்கொண்டு நிற்கும் காட்டுக் காசித்தும்பை. நகமளவு ரோஸ் பூ, பின்னால் நீளமாக ஒரு வால். காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும். இந்தப் பக்கத்தில் வேறெங்கும் அது இல்லை என்று ரேஞ்சர் சொன்ன பிறகுதான் மாமாவே அதைக் குனிந்து பார்த்தார்.

“பெரிய அதிகாரி வெள்ளிக்கிழம பாக்க வாராரு. பூவுக்குக் காவல் போட்டா உம்மத்தான் போடச் சொல்லுவேன் வே,” என்ற ரேஞ்சர், திரும்பும்போது அதே பாறையில் வழுக்கி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்த மாமா பூவைப் பற்றி ஒரு வரியும், ரேஞ்சர் விழுந்ததைப் பற்றி ஒன்பது வரியும் சொன்னார். சிரித்துச் சிரித்துச் சொன்னார். பிரம்மநாயகி அத்தை சிரிக்கவில்லை.

“பெரியவரும் அங்கன விழுந்தாருன்னா உங்களுக்கு எங்கருந்து வேலை தருவாரு?”

ஆடி அமாவாசைக்குக் கூட்டம் வருமுன் வருஷாவருஷம் ஆற்றுப் படித்துறைப் பாசியைத் தேய்க்கிற கை அத்தையுடையது. வெள்ளிக்கிழமை மாமா அதிகாரியை எதிர்கொள்ளச் சாலைக்குப் போனதும், தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு அத்தை பாறைக்குப் போனாள். தண்ணீர் ஊற்ற நானும் போனேன். நார் பட்டதும் காய்கள் படபடவென்று வெடித்தன.

“கூச்சக்காரச் செடியால்லா இருக்கு,” என்று சொல்லி அத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அதிகாரி வந்தபோது பாறை புது அம்மிபோல இருந்தது.

“பூ எங்க?” என்றார் அதிகாரி.

“இங்கனதான் ஐயா இருந்துச்சு,” என்றார் மாமா.

அத்தை முன்னால் வந்தாள். “தைரியமா ஏறுங்க ஐயா. பாசி ஒரு பொட்டு கெடையாது.”

ரேஞ்சர் மரத்தைப் பார்த்தார். அதிகாரி ஏறினார், மிதித்துப் பார்த்தார், வழுக்கவில்லை.

“பூ இல்லாத பாறைக்குக் காவல் எதுக்கு?” என்றவர், இறங்கும்போது ரேஞ்சரிடம், “நான் தங்கியிருக்க பங்களா பூரா பாசி. இந்த அம்மாவ அங்க போடுங்க,” என்றார்.

மாமா இரண்டு நாள் தனியாகப் போய் அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கேட்டார்: “ஏட்டி, நீ எனக்கு வேலை வாங்கப் போனியா, ஒனக்கா?”

“எப்படியும் நம்ம வீட்டுக்குத்தான வந்திருக்கு.”

அத்தை அதே நாரைத்தான், உதறாமல், பங்களாவுக்கும் கொண்டுபோனாள். அடுத்த சாரல் பருவத்தில் பங்களாத் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம், நிழல் பாசிக்குள், ரோஸாக நாலு பூ வாலை நீட்டிக்கொண்டு நின்றன. சோறு கொண்டுபோன மாமாதான் முதலில் பார்த்து, ரேஞ்சரிடம் ஓடினார்.

“வெளிய சொல்லிராதீரும்,” என்றார் ரேஞ்சர். “பெரியவரு இங்கன அந்தப் பூவே கெடையாதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அவரு எழுதுனத நாம மாத்த முடியுமா வே?”

இப்போதெல்லாம் தொட்டி தேய்க்கிற நாளில் மாமா காலையிலேயே போய்ப் பின்பக்கச் சுவரை மறைத்து உட்கார்ந்துவிடுகிறார். காவல்தான். சம்பளம் கிடையாது.

“கொஞ்சம் தள்ளுங்க, அங்கனயும் பாசி இருக்கு,” என்கிறாள் அத்தை, நாரைப் பிழிந்துகொண்டே.

மாமா தள்ளுவதில்லை.