போன வருடத்து வெளிச்சம்

திரிபுரசுந்தரியின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், விடியற்காலை நாலு ஐம்பதுக்கு, சேலையூர் வீட்டின் சமையலறை விளக்கு தானாக எரிந்தது. சுவிட்ச் அணைந்தபடியே இருந்தது. அன்று முதல் அந்த வீட்டு விளக்குகள், சரியாக ஒரு வருடத்துக்கு முன் அவள் போட்ட நேரத்தில் எரிந்தன, அவள் நிறுத்திய நேரத்தில் அணைந்தன. அவள் கணவர் வைத்தீஸ்வரன் தன் கையால் எந்த சுவிட்சைப் போட்டாலும் ஒன்றும் எரியவில்லை. எலக்ட்ரீஷியன் மெர்வின் வந்து இரண்டு மணி நேரம் ஏணியில் நின்றான். "சார், ஆஃப்ல கீது, எரியுது. ஆன்ல கீது, எரியல. இதுல நா இன்னாத்த மாத்தறது?" என்றான். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "அம்மா டைம் கரெக்டாத்தான் போடறாங்க, வுடுங்க சார்" என்றான்.

தை மாதம் ஆறு நாள் வீடு இருண்டு கிடந்தது. போன தையில் அந்த ஆறு நாளும் அவள் நாவலூரில் மகள் சின்மயி வீட்டில் இருந்தாள். வைத்தீஸ்வரன் மெழுகுவத்தி வைத்துச் சாப்பிட்டார். ஏழாம் நாள் காலை சமையலறை எரிந்ததும், ஊரிலிருந்து திரும்பியவளிடம் கேட்பதுபோல் "வந்துட்டியா?" என்றார். மாசியில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பிறகுதான் வாசல் விளக்கைக் கவனிக்க நேரம் கிடைத்தது. வீடு முழுக்க வெள்ளை ட்யூப்லைட்; வாசலில் மட்டும் அவள் ஒரு மஞ்சள் பல்பு மாட்டியிருந்தாள். தினமும் ஆறு ஐந்துக்கு அது எரிந்தது. போன வருடம் அவர் வேலை முடிந்து பீச் லோக்கல் ரயிலில் வந்திறங்கி, கேட்டைத் தள்ளிய நிமிடத்தில் அணைந்தது. கேட்டின் கிரீச் கேட்டதும் அணைப்பது அவள் வழக்கம்.

சித்திரையில் ஒரு நாள் அது ஒன்பதரை வரை அணையவில்லை. அலுவலக நண்பர்களோடு ஹோட்டலில் உட்கார்ந்து, அவள் போனை அவர் எடுக்காமல் விட்ட நாள் அது. வீட்டுக்கு வந்து, "தூங்க வேண்டியதுதானே?" என்று வேறு கேட்டிருந்தார். இப்போது அவள் அன்று காத்திருந்த வாசற்படியிலேயே மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். கொசு கடித்தது. கால் மரத்தது. தெருமுனையில் திரும்பிய ஒவ்வொரு தலையும் கொஞ்ச தூரம் வரை அவருடைய தலையாகவே தெரிந்தது.

சின்மயிக்கு அலுவலகங்களுக்கு விளக்கு அமைத்துத் தரும் வேலை. "வெள்ளை வெளிச்சம் வேலையைப் பாருன்னு சொல்லும்ப்பா, மஞ்சள் வந்து உக்காருன்னு சொல்லும். இத முடிவு பண்ண எங்களுக்கு மூணு மீட்டிங் ஆகும். அம்மா ஒரே பல்புல முடிச்சிட்டாங்க" என்றாள். கார்த்திகை நெருங்கியபோது பெட்டி நிறையப் புது விளக்குகள் கொண்டுவந்து வைத்தாள். "நாளையோட சரிப்பா. அதுக்கப்புறம் அம்மா எதுவும் போடல."

அது அவருக்கும் தெரியும். போன வருடம் அந்தத் தேதியில் கிண்டியில் ரயில் நின்றுவிட்டது. ஏழரைக்கு அவர் வந்தபோது அவள் வாசற்கதவுக்கு உள்ளே விழுந்து கிடந்தாள். மறுநாள் மருத்துவமனையில் போய்விட்டாள். அந்த மாலையை உட்கார்ந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. ஐந்தரைக்கே தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் நின்று, பீச் லோக்கலில் இறங்கிய கூட்டத்தோடு கலந்து வீட்டுக்கு நடந்தார். தெருமுனையிலிருந்தே மஞ்சள் தெரிந்தது. கேட்டைத் தள்ளினார். கிரீச்சிட்டது. விளக்கு அணையவில்லை. ஏழரைக்கும் அணையவில்லை. மறுநாள் நடுப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. அன்று அவள் அதை அணைக்கவில்லை. அணைக்கும் முன்பே விழுந்துவிட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் அணைத்திருந்தார், ஆனால் அந்த வீடு அவள் கையைத் தவிர வேறு கையைக் கணக்கில் வைக்கவில்லை.

மற்ற அறைகளில் சின்மயியின் விளக்குகள் மாட்டப்பட்டன. அவை எல்லார் கைக்கும் எரிந்தன. "ஆள் இல்லாத வாசல்ல பகல்ல யாருக்குப்பா வெளிச்சம்?" என்று அவள் ஒரு முறை கேட்டாள். "எனக்குத்தான்" என்றார். கூரியர்காரர்களுக்கு மெர்வின்தான் வழி சொன்னான்: "பகல்ல லைட் எரியுமே, அந்த வூடு." வைத்தீஸ்வரன் தினமும் ஐந்தரைக்கு ஸ்டேஷனுக்குப் போனார், கூட்டத்தோடு திரும்பி வந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடச் சொன்னார். கேட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.