முழங்கால் ரப்பருக்கு அடியில்

பச்சைதான். சத்தியமாகப் பச்சை.

பழைய மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் டாங்கின் இரண்டு பக்கமும், ஓட்டுகிறவரின் முழங்கால் படுகிற இடத்தில், ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அப்பாவின் வண்டியில் அப்படி ஒன்றைக் கழற்றியபோது அடியில் உள்ளங்கை அகலத்துக்கு அந்தப் பச்சை இருந்தது. பிற்பாடு அதற்கு மெரூன் அடித்தவனும், அதற்கு மேலே கறுப்பு அடித்தவனும் ரப்பரைக் கழற்றச் சோம்பல்பட்டு ஓரத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சோம்பேறிகள் நன்றாக இருக்கட்டும். கப்பலேறி வந்த இங்கிலாந்து வண்டி. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், அறுபத்தைந்து வருஷமாக யார் கண்ணிலும் படாமல் அங்கே இருந்திருக்கிறது.

"இப்ப என்ன சொல்றீங்க அண்ணா?" என்று சத்தமாகவே கேட்டேன். வீட்டில் யாரும் இல்லை. எப்போதுமே யாரும் இருப்பதில்லை.

விஷயம் இதுதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால், அப்பா போன மறுவாரம், அண்ணனும் நானும் அவருடைய சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பீரோ, கடிகாரம், கட்டில் எதற்கும் சண்டை வரவில்லை. வண்டியை நீயே எடுத்துக்கொள் என்று அண்ணனாகவே சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பழையபடி பச்சை அடித்துவிடுகிறேன் என்றேன்.

"பச்சையா? அது நீலம்டா."

"பச்சைண்ணா. டாங்க் மேல உக்காந்து போயிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஞாயித்துக்கிழமை தவறாம நான் தொடச்ச வண்டி. எனக்கே சொல்லித் தர்றியா?"

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவருக்கும் கோபம் வரும், எனக்கும் வரும். பேச்சு வளர்ந்தது. கடைசியில், "எல்லாத்துலயும் நீ சொல்றதுதான் சரி. அதான் இன்னிக்கும் ஒண்டிக்கட்டையா நிக்கற" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. கல்யாணம் காட்சி எதுவும் அமையாத எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான். அதுவும் போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் குரலைக் கேட்க ஏங்கிப்போய்க் கிடந்தேன். ஆனால் சும்மா எப்படிக் கூப்பிடுவது? ரோஷம் விடுமா? பச்சை என்று நிரூபித்துவிட்டால், 'பாத்தீங்களாண்ணா' என்று ஆரம்பிக்கலாம். அதற்காகத்தான் ரிட்டயர் ஆன கையோடு வண்டியைப் பிரித்துப் போட்டேன்.

என் கண் லேசுப்பட்டதில்லை. பல் செட் செய்கிற லாபில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். ஒருவருக்கு ஒரு பல் போனால், மீதிப் பற்களோடு நிறம் சேருகிற மாதிரி இன்னொன்று செய்துகொடுக்க வேண்டும். வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை எனக்குத் தெரியும். டியூப்லைட்டுக்குக் கீழே நிறம் பார்க்கிறவனை நான் ஒரு மனிதனாகவே மதித்ததில்லை.

டாங்கைச் சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில் வைத்திருந்தேன். எதிரே ஏதாவது இருந்தால் சாப்பாடு இறங்குகிறது.

கார் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவரைத் தெருவே கலர்காரர் என்றுதான் சொல்லும். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. டாங்கைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிப்போவது போல அவரிடம் தூக்கிப் போனேன். முதல் நாள் கலக்கியதில் மஞ்சள் தூக்கல். இரண்டாம் நாள் கறுப்பு தூக்கல். இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, தேறாது என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"சார், ஒரு சந்தேகம். கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்க என்ன இருக்கு, சொல்லுங்க" என்றேன், கோபமாக.

"அந்தக் காலத்து வண்டிக்கு பெயிண்ட் மேல வார்னிஷ் அடிச்சிருப்பான். அது வயசாக ஆக மஞ்சளாயிடும். வெளிச்சமே படலன்னா இன்னும் மோசம். ஒரே ஒரு எடத்துல தேச்சுப் பாக்கட்டுமா?"

பாலிஷ் போடுகிற பசையைப் பஞ்சில் தொட்டு, காசு அகலத்துக்கு மெதுவாகத் தேய்த்தார். பஞ்சு தேநீர் நிறத்துக்கு வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்துத் தேய்த்தார். அடியில் தெரிந்தது நீலம். பச்சைக்கு நடுவே வட்டமாக, சுத்தமான நீலம்.

நிறம் தப்பியதுகூடப் பெரிதில்லை. அந்தப் பஞ்சை எனக்குத் தெரியும். டீயும் சிகரெட்டும் ஏறிய பல்லைத் தேய்த்தால் இதே நிறத்தில்தான் வரும். கறையைப் பார்த்துப் பல் நிறம் சொல்லாதே என்று லாபில் எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்! நானே கறையைப் பார்த்துவிட்டு பதினொரு வருஷம் மார்தட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து டாங்கின் எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அண்ணன் துடைத்தபோது வண்டி புதுசு, நீலமாக இருந்திருக்கும். எனக்கு நினைவு தெரிவதற்குள் வார்னிஷ் மஞ்சளாகப் பழுத்து, அடியிலிருந்த நீலம் பச்சையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருந்தாலும், அசல் எது என்று கேட்டால் அண்ணன் சொன்னதுதான்.

வேடிக்கை என்னவென்றால், தோற்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஜெயித்துவிட்டுக் கூப்பிட்டால் மறுபடி சண்டை வரும். தோற்றவன் கூப்பிட்டால் யார் சண்டை போடுவார்கள்? என்ன பேசுவது என்று மேசையில் உட்கார்ந்து நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, மறுநாள் காலை கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தாண்ணா. தம்பி."

"அட, நீயா! எப்படிடா இருக்க? உடம்பெல்லாம் நல்லா இருக்கா?" குரலில் நிஜமான சந்தோஷம். பின்னால் டிவி ஓடியது, ஒரு குழந்தை தாத்தா தாத்தா என்று கத்தியது.

"அண்ணா, நீங்க சொன்னதுதான் சரி. நீலம்தான். நான்தான் தப்பு."

"எது நீலம்?"

"அப்பா வண்டி."

"அப்பா வண்டியா? கறுப்பு இல்ல அது?"

"அதுக்கும் முன்னாடிண்ணா. மொத மொதல்ல. அதுக்குத்தானே நாம சண்டை போட்டுக்கிட்டோம்..."

"சண்டையா? நாமளா?" சிரித்தார். "போடா. நீ பாட்டுக்கு வேலை வேலைன்னு இருப்பேன்னு நெனச்சேன். எனக்கும் பேரப் பசங்களோட நாள் ஓடிப்போச்சு. இந்தா, இவன் போனைப் புடுங்கறான்."

"ஞாயித்துக்கிழமை தவறாம தொடப்பீங்களேண்ணா."

"தொடச்சேனா? இருக்கும். ஒரு நாள் வாயேன் இந்தப் பக்கம். ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்டு வா, வீட்ல எல்லாரும் இருக்காங்களான்னு பாத்துக்கணும். வண்டிக்கு எந்த கலர் புடிக்குதோ அதையே அடிச்சுக்கோடா. யாரு பாக்கப் போறா?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. நாலு நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டோம்.

பதினொரு வருஷம் நான் ஒருத்தனே சண்டை போட்டிருக்கிறேன். அவருக்குச் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. அழுகை வந்தது. பார்க்க ஆள் இல்லாத வீடு, அதனால் நன்றாகவே அழுதேன்.

சாயங்காலம் கலர்காரரிடம் போனேன். "நீலமே அடிச்சிடுங்க" என்றேன்.

"மேல என்ன சார்? இப்போ வர்ற கிளியர் கோட் அடிச்சா கடைசி வரைக்கும் மாறாது."

"பழைய மாதிரி வார்னிஷ் கிடைக்குமா?"

"கிடைக்கும். ஆனா கண்ணாலயே பாத்தீங்களே, பத்துப் பன்னெண்டு வருஷத்துல பச்சையாத் தெரிய ஆரம்பிச்சிடும்."

"தெரியட்டும். வார்னிஷே அடிங்க."

அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு வார்னிஷ் என்று சீட்டில் எழுதிக்கொண்டார். நல்ல மனுஷர்.

இப்போது டாங்க் மறுபடி சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மீதி வண்டி இன்னும் உதிரி உதிரியாகக் கிடக்கிறது, எனக்கும் அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய பருத்தித் துணியை எடுத்து டாங்கைத் துடைக்கிறேன். அண்ணன் துடைத்ததை நான் பார்த்ததில்லை. அவருக்கும் ஞாபகமில்லை. அதனால் தவறாமல் துடைக்கிறேன்.